நாடாளுமன்றக் குழுவுக்கு நம்ம கருத்தை அனுப்பறது எப்படி, அவங்க அறிக்கையைப் படிக்கறது எப்படி

ஒரு சட்டம் வந்ததுக்கு அப்புறம்தான் பெரும்பாலும் நம்ம ஆளுங்க அதைப் பத்திப் பேச ஆரம்பிக்கறோம். அதுக்கு முன்னாடியே அது மசோதாவா டெல்லியில ஒரு கமிட்டி ரூம்ல மாசக்கணக்குல இருந்திருக்கும், முப்பது எம்பிங்க உக்காந்து பிரிவு பிரிவா பாத்திருப்பாங்க, அதிகாரிங்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டிருப்பாங்க, பேப்பர்ல விளம்பரம் குடுத்து பொதுமக்கள் கருத்து அனுப்பலாம்னு சொல்லிருப்பாங்க, அதுக்குக் குடுத்த ரெண்டு வாரமும் நமக்குத் தெரியாமலே ஓடிப் போயிருக்கும். நாடாளுமன்றத்துல எம்பியா இல்லாத ஒருத்தரோட எழுத்து நேரா உள்ள போய் ஃபைல்ல ஏறுற இடம் இந்தக் குழுக்கள்தான். அதனால இதை எப்படிப் பயன்படுத்தறதுன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் முழுசா எழுதறேன். சங்கம் வச்சிருக்கவங்க, யூனியன்ல இருக்கவங்க, டீச்சருங்க, டாக்டருங்க, சின்னதா தொழில் பண்றவங்க, சட்டம் படிக்கிற பசங்க எல்லாருக்கும் இது உதவும்.

முதல்ல எந்தெந்தக் குழு இருக்குன்னு ஒரு ரவுண்டு பாத்துருவோம், இதுல ரொம்ப நேரம் நிக்க வேணாம். நமக்கு முக்கியமானது துறை சார்ந்த நிலைக்குழுக்கள், ஸ்டாண்டிங் கமிட்டின்னு டிவில சொல்றாங்களே அதுதான். 1993ல 17 குழுவோட ஆரம்பிச்சாங்க, 2004ல 24 ஆக்கினாங்க. ஒவ்வொண்ணுலயும் 31 பேர், மக்களவைலேருந்து 21, மாநிலங்களவைலேருந்து 10. அமைச்சரா இருக்கவங்க உறுப்பினரா இருக்க முடியாது. எல்லாக் கட்சிக்காரங்களும் இருப்பாங்க, கூட்டம் கதவைச் சாத்திட்டுத்தான் நடக்கும், டிவி கிடையாது. கேமரா இல்லாததாலயே அங்க பேச்சு கொஞ்சம் வேலைக்காவுற மாதிரி இருக்கும்னு உள்ள போய் வந்தவங்க நிறைய பேர் சொல்லிருக்காங்க, அறிக்கைகளைப் படிச்சா எனக்கும் அப்படித்தான் தோணுது. சபையில ஒருத்தர ஒருத்தர் கத்திக்கிட்ட கட்சிக்காரங்க அறிக்கையில ஒரே பரிந்துரைக்குக் கீழ ஒண்ணா நிப்பாங்க.

இதைத் தவிர நிதிக் குழுக்கள் மூணு இருக்கு. அதுல பெரியண்ணன் பொதுக் கணக்குக் குழு, 1921லேருந்து இருக்கு, சிஏஜி, அதாவது அரசாங்கக் கணக்கைத் தணிக்கை பண்றவர், குடுக்கற ரிப்போர்ட்டை எடுத்து வச்சு அரசாங்கம் பணத்தை எப்படி செலவு பண்ணுச்சுன்னு கேக்கறது இவங்க வேலை. 1967லேருந்து எதிர்க்கட்சி எம்பியைத்தான் தலைவராப் போடறாங்க. முதல்ல அப்படி வந்தவர் சுதந்திரா கட்சியோட மினு மசானி, 1971லேருந்து 73 வரைக்கும் நம்ம திமுக எம்பி இரா. செழியன் அந்த நாற்காலியில இருந்தார். அப்புறம் ஒரே ஒரு மசோதாவுக்காகவோ விவகாரத்துக்காகவோ தற்காலிகமா அமைக்கிற தெரிவுக் குழு, கூட்டுக் குழு உண்டு. ஜேபிசின்னு சொல்றது இந்தக் கூட்டுக் குழுவைத்தான், போஃபர்ஸ், ஹர்ஷத் மேத்தா, 2ஜி எல்லாத்துக்கும் போட்டாங்களே அது. கடைசியா மனுக்கள் குழு, ரெண்டு சபைக்கும் தனித்தனியா இருக்கு, அதுக்குப் பின்னாடி வர்றேன்.

சரி, உங்க விஷயம் எந்தக் குழுக்கிட்ட போகும்? இங்கதான் நிறைய பேர் வழி தவறிடறாங்க, ஏன்னா குழுவோட பேரும் நம்ம நினைக்கிற துறையும் எப்பவும் ஒண்ணா இருக்காது. திருப்பூர் பனியன் கம்பெனி, ஈரோடு விசைத்தறி சம்பந்தமா எழுதணும்னா ஜவுளிக்குத் தனிக் குழு கிடையாது, தொழிலாளர் குழுதான் ஜவுளியையும் திறன் மேம்பாட்டையும் சேத்துப் பாக்குது. சிறு குறு தொழில்னா தொழில்துறைக் குழு. மீன்வளத்துறைத் திட்டம், படகு மானியம் மாதிரி விஷயம்னா விவசாயக் குழு, ஆனா இலங்கை கடற்படை மீனவர்களைப் புடிக்கிறது வெளியுறவுக் குழு பாக்க வேண்டியது. ரேஷன் அரிசி, எஃப்சிஐ (இந்திய உணவுக் கழகம்) குடோன்னா நுகர்வோர் நலன் மற்றும் உணவுக் குழு, 2024 செப்டம்பர்ல கனிமொழி தலைவரானது இதுக்குத்தான், அப்பவே தொழில்துறைக் குழுவுக்குத் திருச்சி சிவா தலைவரானார். மொத்தம் 24ல எட்டு குழுவை மாநிலங்களவைச் செயலகம் நடத்துது (உள்துறை, சுகாதாரம், கல்வி, தொழில்துறை, வணிகம், சுற்றுச்சூழலையும் சேத்துப் பாக்குற அறிவியல் தொழில்நுட்பக் குழு, போக்குவரத்து, சட்டம் நீதி), மிச்சம் பதினாறும் மக்களவைச் செயலகம். இது தெரிஞ்சு வச்சுக்கணும், ஏன்னா நாடாளுமன்றத்தோட சன்சத் டாட் இன் சைட்டுல மக்களவைக்கு ஒரு பக்கம், மாநிலங்களவைக்கு ஒரு பக்கம்னு பிரிச்சு வச்சிருக்காங்க, சுகாதாரக் குழு அறிக்கையை மக்களவைப் பக்கத்துல தேடினா நாள் பூரா தேடினாலும் கிடைக்காது.

உங்க குழு எதுன்னு கண்டுபிடிச்சாச்சுன்னா அதோட பக்கத்துல முதல்ல பாக்க வேண்டியது, "இந்த வருஷம் ஆய்வுக்கு எடுத்துக்கிட்ட விஷயங்கள்"னு ஒரு லிஸ்ட் இருக்கும். குழு புதுசா அமைஞ்சதும், வழக்கமா செப்டம்பர் அக்டோபர் வாக்குல, அந்த வருஷம் எதையெல்லாம் எடுக்கப் போறோம்னு முடிவு பண்ணி வெளியிடுவாங்க. மசோதா வந்தாத்தான் குழுவுக்கு வேலைன்னு நம்ம ஆளுங்க நினைச்சிக்கறாங்க, அப்படி இல்ல, அவங்களே ஒரு விஷயத்தை எடுத்து ஆராய்ச்சி பண்ணி அறிக்கை குடுக்கலாம். உங்க தொழிலையோ ஊரையோ தொடுற விஷயம் அந்த லிஸ்ட்ல இருந்தா விளம்பரத்துக்காகக் காத்திருக்க வேணாம், அப்பவே எழுதலாம். அதே மாதிரி பிப்ரவரில பட்ஜெட் போட்டதும் சபை கொஞ்ச நாள் இடைவேளை விடுவாங்க, அந்த நாள்ல ஒவ்வொரு நிலைக்குழுவும் அதனதன் அமைச்சகத்தோட மானியக் கோரிக்கையை, அதாவது அந்த வருஷச் செலவுக்கு அது கேக்கற பணக் கணக்கை, எடுத்து, போன வருஷம் எவ்வளவு கேட்டீங்க, எவ்வளவு செலவாச்சு, ஏன் திருப்பி அனுப்பினீங்கன்னு குடைவாங்க. உங்க ஊர்ல ஒரு மத்தியத் திட்டத்துக்குப் பணம் வரலைன்னா அதை ஆதாரத்தோட எழுதி ஜனவரிலயே அனுப்பி வைக்கறது புத்திசாலித்தனம்.

விளம்பரம் எங்க வரும்னு கேப்பீங்க. பெரிய பத்திரிகைகள்ல வரும், சைட்டுல பத்திரிகைச் செய்தி பகுதியில வரும். தேதியைக் கவனமாப் பாருங்க, பெரும்பாலும் 15 நாள்தான். "ரெண்டு பிரதி, ஆங்கிலம் அல்லது இந்தியில"னு போட்டிருப்பாங்க. தமிழ்ல எழுதி அனுப்பினா படிக்க மாட்டாங்களான்னு மனசு கேக்கும், எனக்கும் இது நியாயமாப் படல, அரசியல் சாசனத்தோட எட்டாவது அட்டவணையில இத்தனை மொழி இருக்குறப்ப ரெண்டு மொழியில மட்டும் கேக்கறது சரியில்லைதான், ஆனா இன்னைக்கு விதி அப்படி இருக்கு, கெடு முடியறதுக்குள்ள வேலை நடக்கணும்னா ஒரு இங்கிலீஷ் காப்பி வச்சு அனுப்பிடுங்க, தமிழ் மூலத்தையும் கூடச் சேத்து வையுங்க. ஊர்ல ஒரு காலேஜ் வாத்தியாரோ வக்கீலோ ரெண்டு பக்கம் மொழிபெயர்த்துக் குடுக்க மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

இப்ப முக்கியமான கட்டம், அந்த மனுவை, அதாவது குழுவுக்கு அனுப்பற கருத்தை, எழுதறது. இங்க நான் கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா பெரும்பாலான மனுங்க வீணாப் போறது இதுலதான். "இந்த மசோதா மக்கள் விரோதமானது, உடனே வாபஸ் வாங்க வேண்டும்"னு மூணு பக்கம் எழுதினா அது "எதிர்ப்பு தெரிவித்தார்"னு ஒரு வரியில முடிஞ்சிடும். குழுவோட மேஜைல அந்த மசோதாவோட ஒவ்வொரு பிரிவுக்கும் நேரா யார் யார் என்ன சொன்னாங்கன்னு அதிகாரிங்க அட்டவணை போடுவாங்க, உங்க கருத்து அந்த அட்டவணையில ஏறணும்னா அதுவும் பிரிவு வாரியா இருக்கணும். அதனால முதல் வேலை மசோதாவை டவுன்லோட் பண்ணி முழுசாப் படிங்க, பின்னாடி இருக்க நோக்கங்கள் காரணங்கள் அறிக்கையையும், விதிகள் போடுற அதிகாரத்தை அரசாங்கத்துக்குக் குடுக்கற குறிப்பையும் சேத்துப் படிங்க. பல சமயம் பிரச்சனை பிரிவுல இருக்காது, "மத்திய அரசு நிர்ணயிக்கும்படி"ன்னு ரெண்டு வார்த்தையில ஒளிஞ்சிருக்கும்.

அப்புறம் எழுதும்போது இப்படிப் போங்க: பிரிவு எண், இப்ப அதுல என்ன இருக்கு, அதுக்குப் பதிலா என்ன வார்த்தை வரணும், ஏன். இந்த நாலும் இருந்தாப் போதும். பதிலா என்ன வார்த்தைங்கறது ரொம்ப முக்கியம், "இதை மாத்தணும்"னு சொல்லி நிறுத்தாதீங்க, மாத்தின வரியை நீங்களே எழுதிக் குடுங்க. எப்படின்னு ஒரு உதாரணம் பாருங்க. 2019ல வாடகைத்தாய் மசோதா வந்தப்ப, வாடகைத்தாயா வர்றவங்க அந்தத் தம்பதிக்கு நெருங்கின உறவுக்காரரா இருக்கணும்னு இருந்துச்சு, அஞ்சு வருஷம் குழந்தை இல்லாம இருந்தாத்தான் மலட்டுத்தன்மைன்னு வரையறை இருந்துச்சு, வாடகைத்தாய்க்கு இன்சூரன்ஸ் 16 மாசம்னு இருந்துச்சு. மாநிலங்களவை தெரிவுக் குழு அதை எடுத்து, நிபுணர்கள், டாக்டருங்க, பெண்கள் அமைப்புகள்னு பலரையும் கேட்டுட்டு, 2020 பிப்ரவரில அறிக்கை குடுத்துச்சு: நெருங்கின உறவுங்கறதை எடுத்துட்டு விருப்பமுள்ள பெண்ணுன்னு போடுங்க, அந்த அஞ்சு வருஷ வரையறையை எடுத்துடுங்க, விதவைகளும் விவாகரத்து ஆனவங்களும் 35லேருந்து 45 வயசுக்குள்ள இருந்தா அவங்களும் இந்த வழியில குழந்தை பெத்துக்கலாம்னு வைங்க, இன்சூரன்ஸை 36 மாசம் ஆக்குங்க. 2021ல வந்த சட்டத்தைப் பாருங்க, 36 மாசம்னு இருக்கும், 35லேருந்து 45ன்னு இருக்கும். ஒரு எண், ஒரு சொல், அவ்வளவுதான் மாறுச்சு, ஆனா பிரசவத்துக்கு அப்புறம் உடம்பு படுத்தற ஒரு பொண்ணுக்கு அந்த ஒரு எண்ணுதான் ஆஸ்பத்திரிச் செலவு.

"ஏன்"ங்கற இடத்துல உங்க அனுபவத்தைப் போடுங்க. கோட்பாடு பேச டெல்லியில நிறைய பேர் இருக்காங்க, கரூர்ல ஒரு கொசுவலைப் பட்டறையில அந்தப் பிரிவு எப்படி நடைமுறைக்கு வரும்னு சொல்ல உங்களைத் தவிர ஆள் இல்ல. பில்லு, ரசீது, அரசாங்கக் கடிதம், ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்டம்) பதில் எது இருந்தாலும் இணைப்பா வையுங்க. நாலு அஞ்சு பக்கத்துக்கு மேல போகாதீங்க, முதல் பக்கத்துலயே உங்க முக்கியமான மூணு கோரிக்கையைச் சுருக்கமாச் சொல்லிடுங்க. நீங்க யாரு, உங்க சங்கத்துல எத்தனை பேரு, இந்த விஷயத்துல உங்களுக்கு என்ன சம்பந்தம்னு ஒரு பத்தி. நேர்ல வந்து சொல்ல விருப்பம்னா அதையும் தெளிவா ஒரு வரி எழுதணும், எழுதலைன்னா கூப்பிட மாட்டாங்க, எழுதினாலும் கூப்பிடறது குழுவோட இஷ்டம். முகவரியும் மெயிலும் விளம்பரத்துலயே இருக்கும், மெயில்ல அனுப்பினாலும் ஸ்பீடு போஸ்ட்லயும் ஒண்ணு போட்டு ரசீதைப் பத்திரமா வச்சுக்கோங்க.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவு செஞ்சு லேசா எடுத்துக்காதீங்க. நீங்க அனுப்பின மனு குழுவோட ஆவணமாயிடும், ரகசியமா வச்சிருப்பாங்க, அதை வெளிய சுத்த விட்டா நாடாளுமன்றத்தோட உரிமை மீறல்னு விளம்பரத்துலயே எழுதியிருப்பாங்க. அதனால அனுப்பின மனுவை அப்படியே ஃபேஸ்புக்ல போடறது, வாட்ஸ்அப் குரூப்ல பிடிஎஃப்பா தள்ளறது வேணாம். அந்த மசோதாவைப் பத்திப் பொதுவா உங்க கருத்தை எழுதறது பேசறது வேற விஷயம், அதுக்கு யாரும் தடை போடல. நேர்ல சாட்சி சொல்லப் போனாலும் அறிக்கை சபையில வைக்கிற வரைக்கும் உள்ள நடந்ததை வெளிய சொல்லக் கூடாது.

இவ்வளவு பண்ணி எதாவது நடக்குமான்னு கேக்கறவங்களுக்குச் சமீபத்துல நடந்த ஒண்ணு. 2025 பிப்ரவரில புது வருமான வரி மசோதா வந்துச்சு, அதுல கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டாத்தான் ரீஃபண்டு கேக்க முடியும்ங்கற மாதிரி ஒரு ஷரத்து இருந்துச்சு. உடம்பு முடியாமலோ ஆவணம் கிடைக்காமலோ லேட்டா போடறவன்கிட்ட முன்கூட்டியே வரியாப் புடிச்ச டிடிஎஸ் காசு திரும்ப வராதுன்னு அர்த்தம். பைஜயந்த் பாண்டா தலைமையில தெரிவுக் குழு உக்காந்துச்சு, ஆடிட்டர் சங்கங்கள், தொழில் அமைப்புகள் எல்லாம் எழுதினாங்க, ஜூலைல வந்த அறிக்கை அதை எடுக்கச் சொல்லுச்சு, ஆகஸ்ட்ல அரசாங்கம் பழைய மசோதாவையே வாபஸ் வாங்கிட்டு பெரும்பாலான பரிந்துரையைச் சேத்துப் புது மசோதா கொண்டு வந்துச்சு, அந்த ஷரத்தும் போயிடுச்சு. 2017ல தேசிய மருத்துவ ஆணைய மசோதாவுல ஆயுஷ் (ஆயுர்வேதம், சித்தா, ஹோமியோபதி மாதிரி) டாக்டருங்க பிரிட்ஜ் கோர்ஸ்னு ஒரு இணைப்புப் படிப்பு படிச்சா அலோபதி மருந்து எழுதலாம்னு இருந்ததும் அப்படித்தான், நிலைக்குழு 2018 மார்ச்ல அது கட்டாயமா இருக்கக் கூடாதுன்னு சொன்னதுக்கு அப்புறம் அரசாங்கம் அந்தப் பிரிவை விட்டுடுச்சு.

எல்லாம் நடந்துடும்னும் சொல்ல மாட்டேன். குழுவோட பரிந்துரை அறிவுரைதான், அரசாங்கம் ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. 2023ல மூணு குற்றவியல் மசோதாவும் உள்துறை நிலைக்குழுவுக்குப் போச்சு, கள்ள உறவு குற்றத்தை ஆண் பெண் ரெண்டு பேருக்கும் பொதுவா வச்சுத் திரும்பச் சேருங்கன்னு குழு சொன்னதை அரசாங்கம் எடுத்துக்கல. அதை விடப் பெரிய சிக்கல், மசோதா குழுவுக்கே வராம போறது. ஒரு மசோதாவைக் கட்டாயம் குழுவுக்கு அனுப்பணும்னு நம்ம நாட்டுல விதி இல்ல. 2009லேருந்து 2014 வரைக்கும் இருந்த 15-வது மக்களவை காலத்துல 71 சதவீத மசோதா குழுவுக்குப் போச்சு, 2019லேருந்து 2024 வரைக்கும் இருந்த 17-வதுல அது 16 சதவீதம்னு பிஆர்எஸ் ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டிருக்கு. 2020ல வேளாண் சட்டங்கள் மூணும் எந்தக் குழுவுக்கும் போகாம நிறைவேறி, ஒரு வருஷம் விவசாயிங்க டெல்லி எல்லையில உக்காந்து, 2021 நவம்பர்ல ரத்தாச்சு. குழுவுல நாலு மாசம் சங்கங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா அந்தக் குளிர்லயும் வெயில்லயும் அத்தனை பேர் கிடந்திருக்க வேணாம்னு நான் உறுதியா நம்பறேன். அதனால ஒரு மசோதா அறிமுகமான அன்னைக்கே உங்க தொகுதி எம்பிக்கு எழுத வேண்டிய முதல் கோரிக்கை, இதை நிலைக்குழுவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கங்கறதுதான். அவர் ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியான்னு பாக்காம எழுதுங்க, உங்க மாநிலத்துலேருந்து அந்தக் குழுவுல இருக்க எம்பிங்களுக்கும் எழுதுங்க, உறுப்பினர் லிஸ்ட் சைட்டுலயே இருக்கு.

மசோதா எதுவும் இல்ல, ஆனா ஒரு பொதுப் பிரச்சனை ரொம்ப நாளா தீராம இருக்குன்னா மனுக்கள் குழு இருக்கு. மக்களவைக்கு 15 பேர், மாநிலங்களவைக்கு 10 பேர். இதுல தமிழ்லயும் மனு குடுக்கலாம், இங்கிலீஷ் இல்ல இந்தி மொழிபெயர்ப்பு ஒண்ணு கையெழுத்தோட வைக்கணும். கோர்ட்ல இருக்க வழக்கு, மாநில சட்டமன்றத்து அதிகாரத்துல வர்ற விஷயம் இதெல்லாம் எடுக்க மாட்டாங்க, மரியாதையான மொழியில இருக்கணும், கடைசியில என்ன வேணும்னு தெளிவாக் கேட்டிருக்கணும். எம்பி ஒருத்தர் மூலமா சபையில வைக்கறது வலுவான வழி. இந்தக் குழு என்ன பண்ண முடியும்னு தெரியணும்னா ராணுவத்துக்காரங்க கேட்ட ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் விஷயத்தைப் பாருங்க. அந்த மனுவை மாநிலங்களவை மனுக்கள் குழு எடுத்து, பகத் சிங் கோஷியாரி தலைமையில 2011 டிசம்பர்ல அறிக்கை குடுத்துச்சு. ஒரே பதவி, ஒரே சர்வீஸ் காலம்னா எப்ப ரிட்டயர் ஆனாலும் ஒரே பென்ஷன்னு அதுல எழுதின வரையறையைத்தான் முன்னாள் ராணுவத்தினர் கையில புடிச்சுக்கிட்டு அடுத்த நாலு வருஷம் போராடினாங்க, 2015ல திட்டம் வந்துச்சு. வந்த திட்டத்துல அந்த வரையறை முழுசா இல்லைன்னு அதுக்கப்புறமும் சண்டை போட்டாங்க, அந்தச் சண்டைக்கும் அந்த அறிக்கைதான் அடிப்படை.

இனி அறிக்கையைப் படிக்கறதுக்கு வருவோம். அறிக்கை 100, 200 பக்கம் இருக்கும், முதல் பக்கத்துலேருந்து படிச்சா தூக்கம் வந்துரும், அப்படிப் படிக்க வேணாம். கடைசியில பரிந்துரைகள்னு மொத்தமாத் தொகுத்து வச்சிருப்பாங்க, சில அறிக்கையில நடுவுல கொட்டை எழுத்துல இருக்கும், அதை முதல்ல படிங்க. அப்புறம் உங்களுக்கு வேண்டிய பத்தியோட எண்ணைப் புடிச்சு உள்ள போய், அந்தப் பத்திக்கு முன்னாடி அமைச்சகம் என்ன பதில் சொன்னாங்க, சாட்சிங்க என்ன சொன்னாங்கன்னு படிங்க. எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினாங்க எவ்வளவு செலவு பண்ணினாங்கங்கற கணக்கு, வேற எங்கயும் லேசுல கிடைக்காதது, அங்க அமைச்சகமே எழுத்துல குடுத்திருக்கும். அதுக்கப்புறம் பின்னாடி போய் மாற்றுக் கருத்துக் குறிப்பு இருக்கான்னு பாருங்க. குழுவுல ஒத்துக்காத எம்பிங்க தனியா எழுதிக் குடுக்கறது அது, குற்றவியல் மசோதா அறிக்கைகள்ல ப. சிதம்பரம், என்.ஆர். இளங்கோ எல்லாம் எழுதினாங்க. அதைப் படிக்காம அறிக்கை இப்படிச் சொல்லுதுன்னு பேசறது அரைகுறையா நிக்கும்.

பத்தியை முழுசாப் படிக்கணும்னு ஏன் இவ்வளவு சொல்றேன்னா, நம்ம மாநிலத்தைச் சுட்ட ஒரு விஷயமே அதுக்குச் சாட்சி. 2016 மார்ச்ல சுகாதார நிலைக்குழுவோட 92-வது அறிக்கை வந்துச்சு, இந்திய மருத்துவக் கவுன்சில் எப்படி ஊழல்ல ஊறிப் போயிருக்குன்னு போட்டு உடைச்ச அறிக்கை, கவுன்சிலைக் கலைச்சுட்டு 2019ல புது ஆணையச் சட்டம் வந்ததுக்கு அது பெரிய காரணம். அதுல மருத்துவப் படிப்புக்கு நாடு முழுக்க பொது நுழைவுத் தேர்வு வேணும்னு பரிந்துரை இருக்கு, நீட் வேணும்னு சொன்னவங்க எல்லாரும் இதைத்தான் எடுத்துக் காட்டினாங்க. ஆனா அதே பரிந்துரையில அடுத்தாப்ல ஒண்ணு இருக்கு: வெளியே இருக்க விரும்பற மாநிலங்களை விட்டுட்டு மத்த இடத்துல கொண்டு வாங்க, அப்புறம் அந்த மாநிலங்கள் சேர விரும்பினா சேர வழி வையுங்க. எல்லாக் கட்சி எம்பிங்களும் இருந்த ஒரு குழு அப்படி எழுதி வச்சிருக்கு. 2016 மே மாசம் அவசரச் சட்டம் போட்டு மாநிலங்களுக்கு அந்த ஒரு வருஷம் மட்டும் விலக்கு குடுத்தாங்க, அதுக்கு மேல அந்த வரி சட்டத்துல ஏறவே இல்ல. நீட் பத்தி உங்க நிலைப்பாடு எதுவா வேணாலும் இருக்கட்டும், அந்தப் பத்தியோட முதல் பாதியை மட்டும் காட்டினா அது முழு உண்மை கிடையாது.

கோர்ட்டுக்குப் போறவங்களுக்கும் இது உதவும். எச்பிவி (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கறதுக்கான) தடுப்பூசி சோதனை சம்பந்தமான வழக்குல 2018 மே மாசம் சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வு, நிலைக்குழு அறிக்கையை வழக்குல எடுத்துக் காட்டலாம், கோர்ட் அதைப் பாக்கலாம்னு சொல்லிடுச்சு. அறிக்கையையே தப்புன்னு கோர்ட்ல சவால் விட முடியாது, அது நாடாளுமன்றத்தோட உரிமை, ஆனா அதுல இருக்கறதைத் துணைக்கு வச்சுக்கலாம். பொதுநல வழக்கு போடற வக்கீலுங்க இதை இன்னும் நிறைய பயன்படுத்தணும்னு எனக்கு ஆசை.

கடைசியா ஒரு அறிக்கை இருக்கு, நடவடிக்கை அறிக்கை, ஆக்ஷன் டேக்கன் ரிப்போர்ட்டுன்னு இருக்கும். என்னைக் கேட்டா மூல அறிக்கையை விட இதுதான் நமக்குப் பயன். குழு பரிந்துரை குடுத்ததும் அமைச்சகம் மூணு மாசத்துக்குள்ள என்ன பண்ணினோம்னு பதில் சொல்லணும், அந்தப் பதிலை எடுத்து வச்சு குழு மறுபடி ஒரு அறிக்கை போடும். மக்களவைக் குழுக்கள்ல இது அஞ்சு அத்தியாயமா இருக்கும். முதல் அத்தியாயம் குழுவோட சொந்தக் கருத்து. ரெண்டாவது, அரசாங்கம் ஏத்துக்கிட்ட பரிந்துரைகள். மூணாவது, அரசாங்கத்தோட பதிலைப் பாத்துட்டு சரி விட்டுடலாம்னு குழு முடிவு பண்ணினது. நாலாவது, அரசாங்கத்தோட பதிலைக் குழு ஏத்துக்காம திரும்பச் சொன்னது. அஞ்சாவது, இன்னும் முடிவான பதிலே வராதது.

நீங்க நேரா போக வேண்டியது ரெண்டுக்கும் நாலுக்கும் அஞ்சுக்கும். ரெண்டாவது அத்தியாயத்துல இருக்கறது அரசாங்கமே எழுத்துல ஒத்துக்கிட்டது, அது உங்க ஊர்ல நடக்கலைன்னா பத்தி எண்ணைப் போட்டு அமைச்சகத்துக்கு ஆர்டிஐ போடுங்க, பத்து ரூபாதான், "இந்தப் பரிந்துரையை ஏத்துக்கிட்டதா பதில் குடுத்திருக்கீங்க, அதுக்கப்புறம் என்ன ஆணை போட்டீங்க, நகல் குடுங்க"ன்னு ஒரே கேள்வி போதும். நாலாவது அத்தியாயத்துல உங்க விஷயம் இருந்தா அதை வெட்டி எடுத்து உங்க எம்பிகிட்ட குடுத்து சபையில கேள்வியாப் போடச் சொல்லுங்க, ஏன்னா அங்க குழு ஏற்கனவே உங்க பக்கம் நிக்குது, எம்பிக்கும் பத்தி எண்ணோட ஆதாரம் கிடைச்சா வேலை சுலபம். அஞ்சாவதுல இருந்தா, அமைச்சர் தன்னோட துறை சம்பந்தமான பரிந்துரைகள் எந்த நிலையில இருக்குன்னு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சபையில அறிக்கை வைக்கணும்னு மக்களவைத் தலைவரோட உத்தரவு 2004லேருந்து இருக்கு, அந்த அறிக்கை வந்துச்சா, உங்க பத்தி அதுல இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா அதையே அடுத்த வருஷம் மானியக் கோரிக்கை சமயத்துல குழுவுக்கு ஒரு பக்கக் கடிதமா எழுதுங்க. அறிக்கை எண், பத்தி எண், அமைச்சகம் சொன்ன பதில், உங்க ஊர்ல இன்னைய நிலவரம். பிப்ரவரிக்கு முன்னாடி போய்ச் சேர்ற மாதிரி பாத்துக்கோங்க.